சீட்டு இல்லாத சாக்கு



சென்ற மாதம் எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னாலுள்ள காய்கறித் தோட்டத்தில் ஒரு லோரி இருபது சாக்கு உரத்தை இறக்கிவிட்டுப் போனது. கறுப்பாக, காப்பித்தூள் போல உதிர்ந்தது. தண்ணீர் பட்டதும் நாற்றம் கிளம்பியது. கழிவுநீர் நிலையத்துச் சேறு என்றார் கொண்டுவந்தவர். “இலவசம்தானே அண்ணே, வெண்டிக்கு மட்டுமா, சோளத்துக்கு, நெல்லுக்கே போடலாம்!” என்னென்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். சாக்கில் ஒரு சீட்டுகூட இல்லை. அவரிடம் பதிலும் இல்லை.

மலத்தை உரமாக்குவது நமக்குப் புதிதல்ல. வாளிக் கக்கூஸ் காலத்தில் சீனர்களின் காய்கறித் தோட்டங்களுக்கு அதுதான் போனது. தழைச்சத்தும் மணிச்சத்தும் அதில் உண்டு. ஆனால் அந்த வாளியில் இருந்தது மனிதக் கழிவு மட்டும். இன்றைய கழிவுநீர்க் குழாயில் மருந்தும் சாயமும் பட்டறைக் கழிவும்கூடக் கலக்கலாம். கிருமி சூட்டில் சாகும்; காட்மியம், ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் சாகா. போடப் போட மண்ணில் சேரும். நம் மண்ணோ புளிப்பு மண். அதில் காட்மியம் வேருக்குச் சுலபமாக ஏறிவிடும். நெல்லில் இன்னொரு சிக்கல்: வயலில் தண்ணீர் நிற்கும்வரை அடங்கிக் கிடக்கும் காட்மியம், அறுப்புக்கு முன் வடியவிட்டதும் கரைந்து நெல்மணிக்குப் போகும். ஜப்பானின் ஜின்சு ஆற்றோரம், காட்மியம் கலந்த சுரங்கக் கழிவு பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்கு எலும்பு நொறுங்கியது. அந்த நோய்க்குப் பெயரே ‘இத்தாய் இத்தாய்’. ‘வலிக்குது, வலிக்குது’ என்று பொருள்.

ஐரோப்பியர்கள் 1986-லேயே வயலுக்குப் போகும் சேற்றில் உலோகத்துக்கு வரம்பு வைத்தார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், எளிதில் சிதையாத பிஃபாஸ் ரசாயனங்களுக்கு அஞ்சி 2022-ல் நிலத்தில் சேறு போடுவதையே தடை செய்தது.

சேற்றைக் கொட்டிப் புதைக்கச் சொல்லவில்லை. எந்த நிலையத்துச் சேறு, என்றைக்குச் சோதித்தது, காட்மியம் எவ்வளவு, ஈயம் எவ்வளவு என்று ஒவ்வொரு சாக்கிலும் அச்சிட வேண்டும். போடுவதற்கு முன் மண்ணையும் சோதிக்க வேண்டும். அதுவரை உணவுப் பயிர் பக்கம் இது வரக்கூடாது. விவசாய இலாகாவும் சுற்றுச்சூழல் இலாகாவும் இதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு பிஸ்கட் பொட்டலத்தில்கூட சீனி எவ்வளவு என்று போட்டிருக்கிறதே!

இருபது சாக்கும் தார்ப்பாய்க்கு அடியில் கட்டுப் பிரியாமல் கிடக்கின்றன. சீட்டு வரட்டும், பிறகு பிரிக்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சாலாக் செலாத்தான், கோலாலம்பூர்