ஹெட்போன் பஞ்சுக்கு ஆயிரம் ரிவ்யூ, இயர் மஃப் பஞ்சுக்கு ஒரே ஒரு கையெழுத்து

1/ ஓப்பன் பேக் ஹெட்போனுக்கு தடிமனா ஒரு லெதர் குஷன் மாத்திட்டா வெளிச்சத்தம் கேக்காதுன்னு ஒரு கதை சுத்திட்டு இருக்கு. தப்பு. மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் இருக்கறவங்க இதை நம்பினா காசும் போகும், காதும் போகும். கொஞ்சம் நீளமான த்ரெட். முழுசா படிங்க, ஏன்னா நான் திட்டப் போறது பசங்களை மட்டும் இல்ல.

2/ ஓப்பன் பேக்னா என்ன? ஸ்பீக்கருக்குப் பின்னாடி இருக்கற கிண்ணம் மூடியிருக்காது, வலை போட்டு திறந்தே இருக்கும். 1968-ல சென்ஹைசர் கம்பெனி மஞ்சள் ஃபோம் குஷனோட எச்டி 414 கொண்டு வந்தாங்க. அதுலேருந்து இன்னைக்கு எச்டி 600, பேயர்டைனமிக் டிடி 990 வரைக்கும் தத்துவம் ஒண்ணுதான். உள்ள இருக்கற சத்தம் வெளிய போகும், வெளிய இருக்கறது உள்ள வரும்.

3/ ஜன்னலை அகலமா திறந்து வெச்சுட்டு கதவு இடுக்குல துணி அடைச்சா, ரோட்டுல போற லாரி ஹாரன் கேக்காம போயிடுமா? ஓப்பன் பேக்ல குஷன் மாத்தி சத்தத்தை நிறுத்தப் பார்க்கறதும் இதே கதைதான். சத்தம் வர்ற வழி அந்த வலை. குஷனை எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அந்த வழி அடைபடாது.

4/ அப்ப குஷன் எதுக்கு? ரெண்டு வேலை. ஒண்ணு, காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல சரியான தூரத்தை வெச்சுக்கறது. ரெண்டு, காதைச் சுத்தி ஒழுங்கா ஒட்டி உக்கார்றது. பஞ்சு தட்டையாயிட்டா காது ஸ்பீக்கர்ல இடிக்கும், ஒலியோட தன்மையே மாறும். ஒட்டாம இடுக்கு விட்டா பேஸ் கசியும். பேஸ் குறைஞ்சதும் நம்ம கை எங்க போகும்? வால்யூமுக்கு.

5/ இங்கதான் டாக்டருக்கு வேலை வருது. அமைதியான ரூம்ல ஓப்பன் பேக் அருமையான பொருள். காத்தோட்டம் இருக்கும், வேர்வை குறைவு, காதை அமுக்காது. ஆனா துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி ராத்திரி பகலா ஓடற ரோட்டோரத்து வீட்டுல? வெளிச்சத்தம் அப்படியே உள்ள வரும், அதைத் தாண்டி பாட்டு கேக்கணும்னு வால்யூமை ஏத்துவீங்க. ரெண்டு சத்தமும் சேர்ந்து ஒரே காதுல இறங்கும்.

6/ கணக்கு பாத்துக்கங்க. உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, வாரத்துக்கு 80 டெசிபல்ல 40 மணி நேரம். 90 டெசிபல்னா வாரத்துக்கே 4 மணி நேரம்தான். ஒரு நாளைக்கு இல்லங்க, வாரத்துக்கு. ராத்திரி கேம் ஆடற தம்பிங்க பல பேர் ரெண்டே நாள்ல அதைத் தாண்டிடுவாங்க.

7/ சரி, குஷன் தேய்ஞ்சு போச்சு, மாத்தித்தான் ஆகணும். எதைப் பார்த்து வாங்கறது?
• பழசு என்ன துணியோ, என்ன உயரமோ, அதே மாதிரி. வெல்வெட் மாதிரி துணி இருந்த இடத்துல லெதர் போட்டா பேஸ் கூடி ஒலி மாறலாம், அமைதி வராது.
• காது மடல் முழுசா உள்ள அடங்கணும், ஸ்பீக்கர்ல படக்கூடாது.
• கழட்டி மாட்டற மாதிரி இருந்தா நல்லது.

8/ நம்ம ஊரு வேர்வைக்கு துணி குஷன்தான் என் ஓட்டு. செயற்கை லெதர் கடற்கரை ஈரப்பதத்துல சீக்கிரம் உரிய ஆரம்பிக்கும். உரிஞ்ச கறுப்புத் துகள் காதுக்குள்ள போகும், வேர்வையும் அழுக்கும் அந்த வெடிப்புல தங்கும். அப்புறம் அரிப்பு, அரிப்புக்கு பட்ஸ், பட்ஸால புண்ணு, புண்ணுல பூஞ்சை. துணி குஷனை லேசான சோப்புத் தண்ணில அலசி நிழல்ல முழுசா காய வெச்சு மாட்டுங்க. காதுல சீழ் வர்றவங்க ஹெட்போனை யாரோடயும் பகிர வேண்டாம்.

9/ சத்தமான வீடுன்னா மூடின கிண்ணம் இருக்கற ஹெட்போன் வாங்குங்க, வால்யூமுக்கு ஒரு வரம்பு வைங்க. ஹெட்போன் பாடம் இவ்வளவுதான். இதுக்கு ஏன் இவ்வளவு நீட்டி முழக்கினேன்? அடுத்ததுக்கு வர்றேன். என் கோபம் அங்கதான் இருக்கு.

10/ மகன் தன்னோட ஹெட்போன் குஷனுக்கு பத்து வீடியோ பார்க்கறான். எந்த ஃபோம், எத்தனை மில்லிமீட்டர்னு எல்லாம் தெரியும். அதே வீட்டுல அப்பா கம்ப்ரஸர் ஹவுஸுக்கும் பாய்லர் பக்கத்துக்கும் ஒரு இயர் மஃப் மாட்டிட்டுப் போறார். அதுலயும் குஷன் இருக்கு. அது கல்லு மாதிரி இறுகிப்போய் வெடிச்சிருக்கு. அதுக்கு எவனும் ரிவ்யூ போடல.

11/ வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கங்க. ஓப்பன் பேக் ஹெட்போன்ல குஷன் போனா பாட்டு கெடும். இயர் மஃப்ல குஷன் போனா கவசமே போச்சு. ஏன்னா மஃப் மூடின கிண்ணம். அதுல சத்தம் நுழையற முக்கியமான வழி குஷனுக்கும் தோலுக்கும் நடுவுல விழற இடுக்கு. அந்த இடுக்கை அடைக்கறதுதான் குஷனோட ஒரே வேலை. டேங்க் எவ்வளவு பெருசா இருந்தாலும் வாஷர் போனா தண்ணி நிக்குமா?

12/ இயர் மஃப் தயாரிக்கற பெரிய கம்பெனிகளோட கையேட்டுலயே எழுதியிருக்கு: குஷனையும் உள்ள இருக்கற ஃபோமையும் வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது மாத்துங்கன்னு. அதுக்கான செட் தனியா விக்கறாங்க. ஆனா நான் வேலைக்குப் போறவங்களைக் கேக்கறப்போ வர்ற பதில்: "மஃப் குடுத்தாங்க சார், கையெழுத்து வாங்கினாங்க. பஞ்சு மாத்தணும்னு இப்பதான் கேள்விப்படறேன்."

13/ அந்தக் கையெழுத்துதான் இங்க பிரச்சினை. ரெஜிஸ்டர்ல "காதுக் கவசம் வழங்கப்பட்டது". முடிஞ்சது. மஃப் வாங்கினது மூணு வருஷம் முன்னாடி. பஞ்சு செத்து ரெண்டரை வருஷம் ஆச்சு. பேப்பர்ல மட்டும் அந்த ஆளோட காது இன்னும் பத்திரமா இருக்கு.

14/ "குடுத்தாலும் இவங்க போட மாட்டாங்க சார்." சேஃப்டி மீட்டிங்ல தவறாம வர்ற வசனம். ஏன் போட மாட்டாங்கன்னு ஒரு தடவை நீங்க மாட்டிப் பாருங்க. மே மாசம், சென்னை வெயில், தலையில ஹெல்மெட், இறுகிப்போன பிளாஸ்டிக் காதோரம் குத்துது, வேர்வை ஊறுது. வலி தாங்காம அவர் கழட்டறார். பஞ்சு மாத்தாதது நீங்க, கெட்ட பேரு அவருக்கா?

15/ கழட்டறதோட விலையும் தெரிஞ்சுக்கங்க. 30 டெசிபல் குறைக்கற நல்ல மஃப். 8 மணி நேர ஷிப்ட்ல 4 மணி நேரம் கழட்டி வெச்சா, மொத்தமா கிடைக்கற பாதுகாப்பு 3 டெசிபல் அளவுதான். 15 இல்ல, 3. டெசிபல் கணக்கு நம்ம கூட்டல் கழித்தல் மாதிரி வராது. அதனால உறுத்தாத குஷன்ங்கறது சொகுசு இல்லங்க, மருந்து மாதிரி. சாப்பிடற மாதிரி இருந்தாதான் சாப்பிடுவாங்க.

16/ அட்டையில போட்டிருக்கற நம்பரும் லேப்ல புது மஃபை வெச்சு எடுத்தது. அதனாலதான் அமெரிக்காவோட தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனம் 1998-லயே சொல்லிச்சு, மஃப்போட நம்பர்ல கால் பங்கைக் கழிச்சுட்டுத்தான் கணக்குப் போடணும்னு. வெடிச்ச பஞ்சுக்கு எவ்வளவு கழிக்கறது? அதுக்கு கணக்கே போடாதீங்க, மாத்துங்க.

17/ இப்ப சட்டம். நம்ம நாட்டு தொழிற்சாலை விதிகள்ல 8 மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதி, 100 டெசிபல்ல 2 மணி நேரம் வரை அனுமதி. மேல சொன்ன அதே அமெரிக்க நிறுவனம் 8 மணி நேரத்துக்கு 85-னு சொல்லுது, 100 டெசிபலுக்கு 15 நிமிஷம்தான்னு சொல்லுது. மணலிக்காரன் காதும் அமெரிக்காக்காரன் காதும் ஒரே சதைதானே? எட்டு மடங்கு நேரம் தாங்கும்னு யார் கண்டுபிடிச்சது?

18/ இன்னொண்ணு. டொலுயீன், ஸ்டைரீன் மாதிரி கரைப்பான்களோட ஆவி காதோட உள்பகுதியைத் தனியாவே கெடுக்கும். சத்தத்தோட சேர்ந்தா பாதிப்பு இன்னும் கூடும். சுத்திகரிப்பு ஆலையும் பெட்ரோகெமிக்கலும் நிறைஞ்ச ஊர்ல, இந்த மாதிரி ஆவி இருக்கற இடத்துல வேலை பார்க்கறவங்களுக்கு இன்னும் கடுமையான அளவு வேணும். ஆனா 2009-ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மணலியை மிக மோசமா மாசுபட்ட பகுதிகள்ல ஒண்ணா சேர்த்தப்போ, அந்த மதிப்பெண்ல காத்து இருந்துது, தண்ணி இருந்துது, நிலம் இருந்துது. சத்தத்துக்கு ஒரு மார்க்கும் கிடையாது.

19/ காது எப்படிப் போகும்? வலிக்காது, ரத்தம் வராது. அதான் ஆபத்து. உள்காதுல சுமார் 15,000 முடி செல்கள். செத்தா திரும்ப முளைக்காது. முதல்ல போறது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து ஒலி. உயிரெழுத்து கேக்கும், ச, த, ட மாதிரி மெய்யொலிகள் நழுவும். "கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல." இந்த ஒரு வரியை 45 வயசு ஆள் சொன்னா முதுமைன்னு தட்டிக் கழிக்காதீங்க. என்ன வேலைன்னு கேளுங்க.

20/ வீட்டுல டிவி சத்தத்துக்கு சண்டை, பொண்டாட்டி கூப்பிட்டா திரும்பறதில்ல, ராத்திரி காதுக்குள்ள ஙொய்ங்கற சத்தம், தூக்கம் இல்ல. ஃபோர்க்லிஃப்ட் பின்னாடி வர்ற பீப் சத்தம் கேக்கலைன்னா உயிருக்கே ஆபத்து. இதுக்கெல்லாம் ஆரம்பம் எங்க? மாத்தாம விட்ட ஒரு ஜோடி பஞ்சு.

21/ சக மருத்துவர்களுக்கு. இரைச்சலால வர்ற காது கேளாமை 1948 தொழிற்சாலைகள் சட்டத்தோட மூன்றாம் அட்டவணைலயே இருந்துது. 2020 தொழில் பாதுகாப்புத் தொகுப்போட பட்டியல்லயும் இருக்கு. பார்க்கற டாக்டர் எழுத்து மூலமா அரசுக்குத் தெரிவிக்கணும். "நரம்பு வீக்னஸ்"னு எழுதி வைட்டமின் குடுத்து அனுப்பினா, அந்த ஆள் கணக்குலயே வரமாட்டார். கணக்குல வராத நோய்க்கு எந்த கம்பெனி பஞ்சு வாங்கும்?

22/ தொழிலாளிகளுக்கு. இ.எஸ்.ஐ.-யோட தொழில்சார் நோய்ப் பட்டியல்ல இரைச்சலால வர்ற கேள்விக் குறைபாடு இருக்கு. கான்ட்ராக்ட்ல இருந்தாலும் இ.எஸ்.ஐ.-ல பதிவு இருந்தா உங்களுக்கும் பொருந்தும். வேலைக்குச் சேரும்போது ஒரு ஆடியோகிராம், அப்புறம் வருஷம் ஒரு தடவை. காப்பி கேட்டு வாங்கி வீட்டுல வைங்க. நாளைக்கு பேசப் போறது அந்தப் பேப்பர்தான்.

23/ இன்னைக்கே செய்யற டெஸ்ட். மஃப் குஷனை விரலால அழுத்துங்க. உடனே எழும்பலையா? ஓரம் வெடிச்சிருக்கா? உள் ஃபோம் காணோமா? மாத்தணும்.
• வேர்வைக்குன்னு கர்சீஃப், துண்டு, தொப்பி எதையும் குஷனுக்கு அடியில வைக்காதீங்க. இடுக்கு விழும்.
• கிண்ணத்துல ஓட்டை போடாதீங்க.
• புதுசு வாங்கும்போது ஐ.எஸ். 9167 இருக்கான்னு பாருங்க.
• பாட்டு கேக்கற ஹெட்போன் எதுவும், சத்தத்தைக் குறைக்கறேன்னு சொல்ற விலை உயர்ந்ததும் கூட, ஃபேக்டரிக்குள்ள கவசம் ஆகாது.

24/ நிர்வாகங்களுக்கு நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்ல. மஃப் குடுத்த தேதி மாதிரியே பஞ்சு மாத்தின தேதிக்கும் ரெஜிஸ்டர்ல ஒரு கட்டம் போடுங்க. ஆறு மாசத்துக்கு ஒரு செட், நிரந்தரத் தொழிலாளிக்கும் கான்ட்ராக்ட் ஆளுக்கும் ஒரே மாதிரி. அதுக்கு முன்னாடி, மஃப் போடவே அவசியம் இல்லாத அளவுக்கு மெஷின் சத்தத்தைக் குறைக்கப் பாருங்க. மூடி கட்டுங்க, தேய்ஞ்ச பேரிங்கை மாத்துங்க. கவசம் கடைசி வழி, அந்தக் கடைசி வழியும் இப்ப வெடிச்சுப் போய் கிடக்கு.

25/ ஹெட்போன் தம்பிங்களுக்கு ஒரு வேலை. உங்க குஷனை ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி, அப்பா, அண்ணன், மாமா யார் ஷிப்டுக்குப் போறாங்களோ அவங்க மஃபை வாங்கி மேல சொன்ன விரல் டெஸ்ட் பண்ணுங்க. மாடல் நம்பரை எழுதி சேஃப்டி ஆபீசர்கிட்ட மாத்து செட் கேக்கச் சொல்லுங்க. எழுத்துல கேக்கச் சொல்லுங்க. ஷிப்ட் குரூப்புல எல்லாம் இந்த த்ரெட்டைப் போடுங்க.