அம்பையும் கொஞ்சம் நோகத்தான் வேண்டும்!

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்குப் பின்னால் கொய்யா மரத்துக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு சாக்கு மூட்டை. அதன் மேல் வண்ண வட்டங்கள் போட்ட காகிதம். 10 மீட்டர் தள்ளி, ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள் வில்லோடு நிற்கிறாள். பக்கத்தில் அப்பா.

முதல் இரண்டு அம்புகளும் மூட்டையில் இறங்கிவிட்டன. மூன்றாவது, மூட்டையின் ஓரத்தை உரசிக்கொண்டு போய்ச் சுவரில் 'டக்'கென்று மோதிக் கீழே விழுகிறது. அப்பா போய் எடுத்து வருகிறார். லுங்கி நுனியால் மண்ணைத் துடைத்துப் பார்க்கிறார். வளையவில்லை. முனையும் அப்படியே இருக்கிறது.

"ஒண்ணும் ஆகலம்மா, இந்தா!"

மகள் அதை வாங்கி நாணில் மாட்டப் போகிறாள். அவள் அப்படியே ஒரு நிமிடம் நிற்கட்டும். அந்த 'ஒண்ணும் ஆகல'தான் இந்த வாரச் சங்கதி.

தீபிகா குமாரி ராஞ்சியில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். மாங்காயைக் கல்லால் குறிபார்த்து அடித்து விளையாடியவர், மூங்கில் வில்லில் பழகி, 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில், கைகள் இல்லாத ஷீதல் தேவி காலால் வில்லைப் பிடித்து எய்து பதக்கம் வென்றதை உலகமே பார்த்தது. அதையெல்லாம் பார்த்துவிட்டு "எனக்கும் வில் வேணும்" என்று பிள்ளைகள் கேட்டால், எந்த அப்பா, அம்மாவுக்கு மறுக்க மனசு வரும்? வகுப்பில் சேர்க்கிறார்கள். அடுத்த மாதமே ஆன்லைனில் ஒரு வில், ஆறு அம்பு. மைதானத்தில் கோச் இருப்பார், விசில் இருக்கும். வீட்டுத் தோட்டத்தில் அப்பாதான் கோச், அம்மாதான் விசில்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்பார்கள் பெரியவர்கள். ஊர்ப் பஞ்சாயத்துக்கு அது சரி. தோட்டத்து வில்வித்தைக்குச் சரிவராது. இங்கே ஒவ்வொரு முறையும் அம்பைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மீன் போல நெளியும் அம்பு

நாணை விட்டதும் அம்பு ஈர்க்குச்சி போல நேராகப் பாய்வதாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ஸ்லோமோஷன் வீடியோவில் பார்த்தால் கதையே வேறு. தண்ணீரில் மீன் நீந்துவது போல அம்பு இடமும் வலமுமாக நெளிந்து நெளிந்து போகும்.

காரணம் எளிது. பின்னாலிருந்து நாண் மொத்த பலத்தோடு தள்ளுகிறது. முன்னால் இருக்கும் உலோக முனையோ கனமானது, உடனே நகராது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்டு வளைகிறது, நிமிர்கிறது, மறுபக்கம் வளைகிறது. வில்லின் பலத்துக்கு ஏற்ற விறைப்புள்ள அம்பைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இதனால்தான்.

நல்ல தண்டு இந்த வளைவைத் தாங்கும். சுவரிலோ கல்லிலோ மோதி உள்ளுக்குள் விரிசல் விட்ட தண்டு தாங்காது, முறியும். எங்கே முறியும் என்பதுதான் கவலை. நாணை விடும் நொடியில் அம்பு இருப்பது, வில்லைப் பிடித்திருக்கும் கைக்குச் சற்று மேலே. உடைந்த தண்டை நாண் விடாமல் தள்ள, கூரான சிம்புகள் கட்டைவிரல் அடியிலோ மணிக்கட்டிலோ போய்ப் பாயும். குறி வைத்த மூட்டைக்கு ஒன்றும் ஆகாது. அடி, எய்தவர் கைக்குத்தான்.

கார்பன் அம்பென்றால் இன்னொரு சிக்கல். கார்பன் இழை எக்ஸ்ரேயில் எளிதில் தெரியாது. காயம் பட்டுவிட்டால் சிம்பை நீங்களே பிடுங்கப் பார்க்காதீர்கள். நேராக மருத்துவமனைக்குப் போய், "கார்பன் அம்பு உடைந்து குத்திவிட்டது" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். முடிந்தால் உடைந்த அம்பையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அரை நிமிடச் சோதனை

அம்பு நான்கு வகை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும்.

மர அம்பு, இழையோட்டத்தை ஒட்டி விரிசல் விடும். மெல்ல வளைத்தாலே 'கிரீச்' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

பிள்ளைகளுக்கான மலிவு செட்டுகளில் வருவது பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். இது பழசானால் மேலே சிலும்பி, தொட்டாலே கையில் ஊசி ஊசியாய் ஏறும். சிலும்பிவிட்டால் அதை மறந்துவிடுங்கள்.

அலுமினிய அம்பு பெரும்பாலும் வளையும், நசுங்கும். மேசை மேல் உருட்டினால் வளைந்தது குதிக்கும். லேசான வளைவைத் தெரிந்தவர்கள் நிமிர்த்துவார்கள். மடிப்பு விழுந்திருந்தால் நிமிர்த்தியும் பயனில்லை.

கார்பன்தான் கல்லுளிமங்கன். வளையாது, நசுங்காது, முகத்தில் எதையும் காட்டாது. விரிசலை உள்ளேயே வைத்திருக்கும். கார்பன் அம்புக்கு வளைத்துப் பார்க்கும் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். அம்பு தயாரிக்கும் நிறுவனங்களே ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் செய்யச் சொல்வது இது.

முதலில் நல்ல வெளிச்சத்தில் தண்டைச் சுற்றிப் பாருங்கள். வெறும் விரலால் தடவ வேண்டாம். ஒரு துண்டுப் பஞ்சால் தடவுங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு அங்கே சிக்கிக்கொள்ளும். அடுத்து, இரண்டு முனைகளையும் பிடித்து, முகத்திலிருந்து தள்ளிவைத்து, உங்களுக்கு எதிர்ப்பக்கமாக ஓரிரு அங்குலம் மட்டும் மெல்ல வளையுங்கள். அம்பைக் கால் சுற்று திருப்பி, மறுபடி வளையுங்கள். இப்படி நான்கு பக்கமும். கடைசியாக, துணி பிழிவது போல இரண்டு முனைகளையும் எதிரெதிராக லேசாக முறுக்குங்கள். 'நொறுக்' என்று மெல்லிய சத்தம் கேட்டாலோ, கைக்கு நெகிழ்வு தட்டுப்பட்டாலோ அந்த அம்பின் ஆயுள் முடிந்தது. பசை போட்டு ஒட்டுவது, டேப் சுற்றுவது எதுவும் உதவாது.

வாலையும் பாருங்கள்

அம்பின் வாலில் நாணைக் கவ்விக்கொள்ளும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. 'நாக்' என்பார்கள். கண்ணுக்கே தெரியாத இந்தத் துண்டில் மயிரிழை விரிசல் இருந்தால், நாணை விடும் நொடியில் அது உடைந்து, அம்பு எங்கேயோ போய் விழும். அம்புக்குப் போக வேண்டிய பலம் வில்லுக்கே திரும்பும். வில்லின் தகடுகள் பிளக்கலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம்.

அம்பே வைக்காமல் வெறும் நாணை இழுத்து விட்டாலும் இதே கதிதான். ஊரிலிருந்து வரும் மாமா பையன் வில்லைக் கண்டதும் "குடு, பார்க்கலாம்" என்று வாங்கிச் செய்கிற முதல் வேலையே அதுதான்! விருந்தாளி வரும் நாளில் வில் பீரோவுக்குள் இருப்பது நல்லது.

இன்னொன்று, வளரும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு. போன வருஷத்துச் சட்டை இந்த வருஷம் குட்டையாவது போல, போன வருஷத்து அம்பும் குட்டையாகும். கை நீண்டால் நாணும் கூடுதலாகப் பின்னால் வரும். அம்பு முனை, வில்லில் அது உட்காரும் இடத்தைத் தாண்டி உள்ளே நழுவினால், அடுத்து அது பாய்வது பிடித்த கைக்குள். முழுதாக இழுத்த நிலையிலும் அம்பு முனை வில்லுக்கு முன்னால் ஓரிரு அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

பழைய சேலைக்கு வேலை

அம்பு கெடுவதே குறி தவறிப் போகும்போதுதான். ஆகவே மூட்டைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது முக்கியம். செங்கல் சுவர் என்றால் அம்பு நொறுங்கும், அல்லது திரும்பி வரும். மூட்டைக்குப் பின்னால் பழைய ஜமக்காளத்தையோ கனமான போர்வையையோ தளர்வாகத் தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் அம்பு துளைத்துவிடும். தளர்வாக இருந்தால்தான் துணி பின்வாங்கி, அம்பின் வேகத்தை உறிஞ்சும்.

மூட்டையையும் வீட்டிலேயே செய்யலாம். அரிசிச் சாக்கில் பழைய சேலை, வேட்டி, துண்டு எல்லாவற்றையும் இறுக்கித் திணித்தால் போதும். ஜிப், பட்டன், கொக்கி எல்லாவற்றையும் முதலில் வெட்டி எடுத்துவிடுங்கள். ஒரு பேன்ட் ஜிப் போதும், ஓர் அம்பைக் கெடுக்க.

சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது நடமாடும் இடம் என்றால் அங்கே வில்லே வேண்டாம். பிள்ளைகள் பயன்படுத்தும் 20 பவுண்டு வில்லிலிருந்து மேல்நோக்கித் தவறிப் போகும் அம்புகூட 100 மீட்டரை எட்டிவிடும். அதற்குள் எத்தனை கொடிக்கயிறு, எத்தனை வாசல்! 2020 ஜனவரியில் அசாமில் பயிற்சியின்போதே ஒரு சிறுமியின் தோளருகே அம்பு பாய்ந்து, டெல்லி எய்ம்ஸ் வரை கொண்டுபோய் அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். பயிற்சியிலேயே அப்படி நடக்கும் என்றால், மொட்டை மாடியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அம்பைப் பிடுங்கும்போதும் கவனம் தேவை. மூட்டையை நோக்கி ஓடக் கூடாது. தடுக்கி விழுந்தால், வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் அம்பு வால்கள் கண் உயரத்தில் இருக்கும். பிடுங்குபவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒரு கையால் மூட்டையை அழுத்தி, மறு கையால் அம்பை மூட்டையை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி எடுத்தால் அலுமினியம் வளையும், கார்பன் விரிசல் விடும்.

தவறிய அம்பு சில நேரம் புல்லுக்கு அடியில் பாம்பு போல நுழைந்து மறைந்துவிடும். 'போனால் போகட்டும்' என்று விடாமல் தேடி எடுத்துவிடுங்கள். நாளைக்கு அங்கே வெறுங்காலோடு ஓடப்போவதும் வீட்டுக் குழந்தைதான்.

இரண்டு அம்பு, ஒரே துளை

பழகிய கைகளுக்கு வேறொரு விபத்து. ஏற்கெனவே குத்தி நிற்கும் அம்பின் வாலுக்குள் அடுத்த அம்பு போய்ச் சொருகிக்கொள்ளும். உலகம் முழுக்க இதற்கு 'ராபின் ஹுட்' என்றே பெயர். வீடே கைதட்டும். போட்டோவும் எடுத்தாகிவிடும். ஆனால் இரண்டு அம்புமே அன்றோடு ஓய்வு பெற்றுவிடும். உள்ளரங்கப் போட்டிகளில் மேலும் கீழுமாக மூன்று சின்ன வட்டங்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் ஓர் அம்பு மட்டும் எய்வது உண்டு. அம்பும் அம்பும் மோதாது. வீட்டிலும் காகிதத்தில் மூன்று வட்டம் வரைந்துகொண்டால் செலவு மிச்சம்.

இனி அந்த மகளிடம் வரலாம். அம்பை நாணில் மாட்டப் போனவள் நிற்கிறாள். வகுப்பில் கோச் சொன்னது நினைவுக்கு வருகிறது. "இருங்கப்பா" என்கிறாள். அம்பை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்து வளைக்கிறாள். ஒன்றுமில்லை. திருப்பி வளைக்கிறாள். ஒன்றுமில்லை. மூன்றாவது திருப்பத்தில், அப்பளம் நொறுங்குவது போல ஒரு சின்னச் சத்தம்.

அப்பாவுக்கும் அது கேட்டுவிட்டது. சில நூறு ரூபாய் அம்பு. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. முகம் சுருங்குகிறது. பிறகு, வில்லைப் பிடித்திருக்கும் மகளின் கையைப் பார்க்கிறார். கட்டைவிரலுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், சற்று முன்பு அந்த அம்பு உட்காரவிருந்த இடத்தை.

"குடும்மா" என்று வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போகிறார். தண்டு முழுக்கக் கனமான டேப்பைச் சுற்றி, பழைய செய்தித்தாளில் பொதிந்து, அதன் மேல் 'உடைந்த அம்பு, கவனம்' என்று பேனாவால் எழுதுகிறார். காலையில் குப்பை வாங்க வரும் அம்மாவுக்கும் கை இருக்கிறதே!

தோட்டத்தில் மகள் மீதி ஐந்து அம்புகளையும் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.