எதிர்பார்க்காதே என்று சொல்லாதீர்கள்

காலை நடை முடிந்ததும் சிறுசேரியில் எங்கள் குடியிருப்பின் வேப்பமரத்தடி பெஞ்சில் நாலைந்து பேர் உட்காருவோம். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒருவர் இப்படித்தான் முடிப்பார்: "இந்த வயசுல எதையும் எதிர்பார்க்கக் கூடாது சார். எதிர்பார்த்தா பி.பி.தான் ஏறும்." மற்றவர்கள் தலையாட்டுவார்கள். நான் ஆட்டுவதில்லை.

உடம்பு வேறு கணக்குச் சொல்கிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள், மனம் கலங்கினால் கார்டிசோல் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. ஆபத்து நேரத்தில் அது வேண்டியதுதான். மாதக்கணக்கில் தணியாமல் நின்றால் ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம் மூன்றையும் கெடுக்கும். கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ பெர்க் 2008-ல் ஒரு முடிவை வெளியிட்டார். நகைச்சுவைப் படம் காட்டப்போகிறோம் என்று முன்பே சொல்லிவைத்தவர்களுக்கு, படம் ஓடுவதற்கு முன்னாலேயே கார்டிசோல் 39 சதவீதம் குறைவாக இருந்ததாம். சிறிய ஆய்வுதான். ஆனால் தீபாவளியைவிட தீபாவளிக்கு முந்தைய வாரம் இனித்ததை நாம் மறந்துவிட்டோமா?

பின்னே பி.பி. எதனால் ஏறுகிறது? வரும் வரும் என்று சொல்லி வராமல் போவதால். உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளை வைத்துப் பார்த்தார். ஒரு சைகைக்குப் பிறகு பழச்சாறு கிடைக்கும் என்று பழகிய குரங்குக்கு, சைகையைக் கண்டதுமே மூளையின் டோபமின் செல்கள் துள்ளின. வரவேண்டிய நேரத்தில் சாறு வராவிட்டால் அவை வழக்கத்துக்கும் கீழே அடங்கிப்போயின.

நம் கதையும் அதுதான். 2020 ஏப்ரலில், கொரோனாவைக் காரணம் காட்டி மத்திய அரசு அகவிலைப்படி உயர்வை 2021 ஜூன் முடிய நிறுத்தியது. தமிழக அரசும் பின்தொடர்ந்தது. நிறுத்தியதைக்கூடத் தாங்கிக்கொண்டோம். அந்த 18 மாத அரியர்ஸைத் தருவது சாத்தியமில்லை என்று நாடாளுமன்றத்திலேயே மத்திய அரசு சொன்ன பிறகும், "இந்த பட்ஜெட்டில் உறுதி" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்களே, அவர்கள்தான் நம் பி.பி.யை ஏற்றுகிறவர்கள். அதே பென்ஷனில் இன்னொரு எதிர்பார்ப்பும் உண்டு. 80 வயதானால் 20 சதவீதம் கூடுதல். பெஞ்சில் ஒரு நண்பர் அதற்கு மாதம் எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்! தேதி தெரிந்த எதிர்பார்ப்பு அது.

இதில் நானும் குற்றவாளி. குமாஸ்தாவாக இருந்த காலத்தில் மேசைக்கு எதிரே நின்றவர்களிடம் "அடுத்த வாரம் வாங்க" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஃபைல் அடுத்த வாரம் நகராது என்று தெரிந்தேதான் சொன்னேன். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல தைரியமில்லை. அதை அனுசரணை என்று நினைத்துக்கொண்டேன். ஒரு விதவைப் பெண்மணி குடும்ப ஓய்வூதியத்துக்காக ஏழெட்டு வாரம் வந்தார். "பதினைந்தாம் தேதிக்கு முன் வராதீங்கம்மா" என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த அலைச்சலாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே பெஞ்சு நண்பருக்கு என் பதில்: எதிர்பார்ப்பை விடச் சொல்லாதீர்கள். சின்னதாக, நிச்சயமாக, நாள் குறித்து எதிர்பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "சீக்கிரம் வர்றேம்ப்பா" என்று இனிமேல் சொல்லாதீர்கள். வர முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள், தாங்குவோம். ஞாயிறு மாலை ஆறு மணிக்குப் பேசுகிறேன் என்று சொல்லி, ஆறு மணிக்குப் பேசுங்கள். வெள்ளிக்கிழமையிலிருந்தே எங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கும்.