சோனி சோனிதானா?

"வாங்குனா சோனி வாங்கு, இல்லன்னா சும்மா இரு" என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார். தீபாவளி மலிவு விற்பனையில் அவர் வாக்குதான் தீர்ப்பு. தவணை கட்டுவது மட்டும் அக்காவும் அத்தானும். பெயருக்காகக் கூடுதலாகப் போகும் 1,500 வெள்ளியை 24 மாதத்துக்குப் பிரித்தால், வட்டி சேர்க்காமலே மாதம் 62 வெள்ளி. அந்தப் பணத்துக்கு வீட்டுக்குள் என்ன வந்து சேர்கிறது?

மாமாவைக் கிண்டலடித்துவிட்டு நகர முடியாது. அவர் நம்பிக்கைக்குப் பின்னால் ஒரு நிஜமான பொருள் இருந்தது. 1968-இல் சோனி கொண்டுவந்த டிரினிட்ரான் படக்குழாய், மற்றவர்களுடையதைப் போன்றதே அல்ல. அவர்கள் குழாய்க்குள் துளையிட்ட தகட்டை வைத்தபோது, சோனி செங்குத்தான மெல்லிய கம்பிகளை வைத்தது. அதிக ஒளி திரைக்கு வந்தது, படம் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் குழாயைச் சோனியே செய்தது. விலையும் கூட, சரக்கும் வேறு. அன்றைக்கு மாமா சொன்னது சரிதான்.

தட்டைத்திரை வந்ததும் அந்தக் கணக்கு முடிந்துபோனது. 2004-இல் சோனி எல்சிடி பேனலுக்காகச் சாம்சங்குடன் கூட்டு ஆலை தொடங்கியது. 2012-இல் தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறியது. 2017-இல் வந்த அதன் ஏ1 ஓஎல்இடி பெட்டிக்குள் இருந்தது எல்ஜி டிஸ்பிளேயின் பேனல். சாம்சங் மட்டும் என்ன? 2023-இல் தன் 83 அங்குல ஓஎல்இடி பெட்டிக்குப் பேனலை எல்ஜியிடம்தான் வாங்கியது. கடையில் இருவரும் எதிரெதிர் வரிசை. சாம்சங் டிஸ்பிளே 2022-இல் எல்சிடி தயாரிப்பையே நிறுத்திவிட்டது. எல்ஜி டிஸ்பிளே குவாங்சோவில் இருந்த எல்சிடி ஆலையை டிசிஎல் குழுமத்துக்கு விற்றது. தோஷிபா என்ற 'ஜப்பான்' தொலைக்காட்சித் தொழில் 2018 முதல் ஹைசென்ஸ் கையில். "அது சைனா பெட்டி லா, ரெண்டு வருஷத்துல பூட்டும்" என்று மாமா ஒதுக்குகிற நாட்டில்தான் இன்றைக்கு உலகத்தின் எல்சிடி பேனல்களில் பெரும்பகுதி தயாராகிறது.

பேனல் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு வேறல்லவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தரம் குறைந்த காட்சியைப் பெரிய திரைக்குப் பெருக்கிக் காட்டுவதிலும், வேகமான அசைவைக் குலையாமல் காட்டுவதிலும், நிறத்தை இயல்பாக வைப்பதிலும் சோனிக்குத் திறமை உண்டு. அதன் உச்ச மாடலை வாங்குகிறவரோடு எனக்குச் சண்டையே இல்லை. காசு இருக்கிறது, வாங்குகிறார்.

ஆனால் நம் ஆட்கள் வாங்குவது உச்ச மாடலையா? என் எரிச்சல் முழுக்க இந்த இடத்தில்தான். விளம்பரத்தில் வருவது 15,000 வெள்ளிப் பெட்டி. அத்தான் தூக்கிக்கொண்டு வருவது அதே பெயர் ஒட்டிய அடிமட்ட மாடல். பின்னொளியைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதி அதில் இருக்காது. நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கும் திரை. அதே விலைக்கு, பல நேரம் அதைவிடக் குறைவாகவே, டிசிஎல்லிலோ ஹைசென்ஸிலோ நூற்றுக்கணக்கான பகுதிகளாக ஒளியைக் கட்டுப்படுத்தும் மினி எல்இடி பெட்டி கிடைக்கிறது. உச்ச மாடலின் புகழைக் காட்டிக் கடைசி மாடலை விற்கிறார்கள். வசதியானவர் கூடுதல் காசு கொடுத்தால் கூடுதல் படம் கிடைக்கிறது. வசதியில்லாதவர் கொடுத்தால் பெயர் மட்டும் கிடைக்கிறது.

இது சினிமாவைப் பொருட்படுத்திப் பார்க்கிற நமக்கும் வலிக்க வேண்டிய விஷயம். 'நாயகன்' (1987) படத்தில் பி.சி. ஸ்ரீராம் நிழலை வைத்தே பாதிப் படத்தை எழுதியிருக்கிறார். எல்சிடியில் கறுப்பு என்பது பின்னால் எரியும் விளக்கை மறைக்கும் முயற்சிதான். அந்த விளக்கை மங்கச் செய்ய வழியில்லாத பெட்டியில் அவருடைய இருட்டு சாம்பல் நிறமாக வெளுத்துப்போகும். மூலையில் மின்னும் பெயர் இதைச் சரிசெய்யாது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணைவதால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். அது தொழில்நுட்பத்தின் சிறப்பு. எந்தப் பெயர் ஒட்டினாலும் அது இருக்கும்.

'8கே' என்று ஒன்றையும் காட்டுவார்கள். 55 அங்குலத் திரையின் அகலம் சுமார் 122 செ.மீ. அதில் 4கே-யின் 3,840 புள்ளிகளை, சாதாரணக் கண் ஒரு மீட்டருக்குச் சற்று அப்பால் போனாலே பிரித்துப் பார்க்க முடியாது. 8கே என்றால் அரை மீட்டர். நம் அடுக்குமாடி ஹாலில் சோபா கிடப்பது மூன்று மீட்டர் தள்ளி. வானவில்லும் வசந்தமும் 8கே-யில் வருவதுமில்லை.

'நல்ல பிராண்டு தாங்கும்' என்பதும் பாதி உண்மைதான். எந்தப் பெட்டியிலும் பேனல் போனால் மாற்றும் செலவு புதுப்பெட்டி விலையை நெருங்கிவிடும். கேட்க வேண்டியது உத்தரவாதம் எத்தனை வருடம், பழுதுபார்க்கும் நிலையம் நம் ஊரில் இருக்கிறதா என்பதை. (25 வெள்ளி நாவலை 'விலை அதிகம்' என்று திருப்பி வைக்கும் வீடுகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது வேறு சண்டை.)

அடுத்த தீபாவளிக்கு அக்காவோடு கடைக்குப் போகும்போது ஒரு பென்டிரைவில் இருட்டுக் காட்சி ஒன்றைக் கொண்டுபோங்கள். கடையில் எல்லாப் பெட்டியும் 'விவிட்' என்ற கண்கூசும் அமைப்பில்தான் ஓடும். அதைச் 'சினிமா' அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைக்கச் சொல்லுங்கள். சினிமாவை நாடகத் தொடர்போல ஆக்குகிறது என்று டாம் குரூஸே 2018-இல் காணொளி போட்டுத் திட்டிய வசதி அது. பிறகு மூன்று மீட்டர் தள்ளி நின்று, மூலையில் இருக்கும் பெயரை ஒரு துண்டுத் தாளால் மறைத்துவிட்டு, பக்கத்துப் பெட்டியோடு ஒப்பிடுங்கள். மாமாவும் கூட வந்தால் நல்லது.