பீலி துப்புரவாக்க ஆள் பிடிக்கும்போது



ஐப்பசி பிறந்தால் மாரிக்கு ஆயத்தம் செய்யத் தொடங்குகின்றோம். விறகை நனையாமல் அடுக்குகின்றோம். கூரையில் ஒழுக்கு இருக்கின்றதா என்று பார்க்கின்றோம். ஆனால் கூரை ஓரத்துப் பீலியை மட்டும் மறந்துவிடுகின்றோம்.

கடந்த மாரியில் வன்னியில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். போரில் கணவரை இழந்தவர். பீலி அடைத்துத் தண்ணீர் சுவரில் வழியவே, அவரது பதினான்கு வயது மகன் மழைக்குள் ஏணியில் ஏறினான். வழுக்கி விழுந்து வலது கை முறிந்தது. ஆறு கிழமை அவனால் எழுத முடியவில்லை. "ஆம்பிளை ஒராளைக் கூப்பிட்டால் ஊர் என்ன கதைக்குமோ எண்டு யோசிச்சன் தங்கச்சி. கூலிக் காசையும் யோசிச்சன்" என்றார் அக்கா.

இந்த இரண்டு யோசனையும் எம்மில் பலருக்கு உண்டு. ஆனால் பீலி அடைத்தால் வரும் செலவையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். சுவர் ஊறும், கூரை மரம் உக்கும். மழைநீர்த் தொட்டி உள்ள வீடுகளில் அழுகிய சருகும் பறவை எச்சமும் குடிதண்ணீரில் கலக்கும். தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு முட்டையிட்டால் ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் புதிய நுளம்புகள் பறக்கும். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்குச் சந்தேகத்தில் பதிவாகினர். நுளம்பு பெருக இடமளிக்காமல் வளவைப் பேணுவது உரிமையாளரினதும் குடியிருப்பவரினதும் கடமை என 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டமும் கூறுகின்றது.

எனவே கூரை வேலை தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். அப்போது இவற்றைக் கவனியுங்கள்.

முதலில், தனியாகப் பிடிக்காமல் அயலில் நான்கைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் பிடியுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் இதைக் கதைக்கலாம். கூலி பேசுவது இலகு. பெண்கள் பலர் கூட நிற்பதால் வீண் கதைக்கும் இடமில்லை.

இரண்டாவது, கூலியையும் வேலையையும் முன்னரே பேசுங்கள். "தம்பி, பீலியில கிடக்கிற சருகு, மண் எல்லாம் அள்ளி, கீழ்க்குழாயில தண்ணி விட்டுக் காட்ட வேணும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். முழுக் காசையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம். வேலையைப் பார்த்த பின் தாமதியாமல் கொடுத்துவிடுங்கள். அவரும் கூலியை நம்பி வாழ்பவர்.

மூன்றாவது, ஏறுபவரின் உயிருக்கும் நாம் பொறுப்பு. மழை நேரத்தில் ஏற்ற வேண்டாம். ஏணி 12 அடி உயரத்தில் சாய்ந்தால் அதன் அடி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்கட்டும். கீழே ஒருவர் பிடிக்கட்டும். மின்கம்பிக்கு அருகில் வேண்டாம். அஸ்பெஸ்டஸ் சீற் பாரம் தாங்காமல் உடையும். அதன் மேல் ஏறாமல் ஏணியில் நின்றே அள்ளச் சொல்லுங்கள். அந்தச் சீற்றைச் சுரண்டவும் விட வேண்டாம்; தூசு சுவாசப்பைக்குக் கேடு.

நான்காவது, தொட்டிக்குப் போகும் குழாயை வேலைக்கு முன் கழற்றிவிடுங்கள். முதல் மழைநீரை வெளியே ஓடவிட்டு, பின்னர் பூட்டுங்கள்.

இம்முறை அந்த அக்கா அயலில் மூன்று வீட்டாரோடு சேர்ந்து ஆள் பிடித்தார். மகன் கீழே நின்று ஏணியைப் பிடித்தான். "இவ்வளவுதானே, இதுக்கா பயந்தனான்!" என்று சிரித்தார்.

எமது வீட்டு வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் பிடிப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை சகோதரிகளே. வீட்டை நடத்துபவர் நீங்கள். என்ன வேலை, எப்படிச் செய்வது என்று சொல்லும் உரிமையும் உங்களுடையதே. மழை இறங்குமுன் ஒருமுறை உங்கள் பீலியை அண்ணாந்து பாருங்கள்.