திருநள்ளாறில் நிற்காத செயற்கைக்கோள்

போன சனிக்கிழமை சவுத்தால் பிராட்வேயில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு நின்றபோது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பழைய கதை மறுபடி வந்தது. திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் மூன்று விநாடி நின்றுவிடுகின்றனவாம், நாசாவே வியந்ததாம். அனுப்பியவர் பெரியப்பா. பக்கத்தில் நின்ற என் மகன், "நிஜமாப்பா?" என்றான். இங்கே பிறந்த பிள்ளை. இந்திய விண்வெளி ஆய்வு பற்றி நம் வீட்டிலிருந்து அவனுக்குப் போன முதல் செய்தியே இந்தப் புரளிதான்!

நிஜக் கதை இதைவிட நல்ல கதை. சென்னையிலிருந்து கார் எடுத்தால் இரண்டு மணி நேரத்தில் வரும் ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து 2015 செப்டம்பர் 28 அன்று ஆஸ்ட்ரோசாட் கிளம்பியது. அதில் சிஇஸட்டிஐ என்றொரு கருவி. அக்டோபர் 6-ல் அதை ஸ்விட்ச் ஆன் செய்த அன்றே ஒரு காமா கதிர் வெடிப்பு சிக்கியது. அந்த நாளை வைத்து அதன் பெயர் 151006ஏ. அது கருவி நேராகப் பார்த்துக்கொண்டிருந்த திசையில்கூட இல்லை, சுமார் 60 டிகிரி பக்கவாட்டில் இருந்தது. அதிக ஆற்றல் கொண்ட கதிர்கள் கருவியின் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடும்.

பெரிய நட்சத்திரம் தன்மேலேயே சரிந்து விழும்போது, அல்லது இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதும்போது வரும் பளிச்சிடல் இது. ஒரு விநாடிக்கும் குறைவிலிருந்து சில நிமிடங்கள் வரைதான். காற்று மண்டலம் காமா கதிரைத் தடுத்துவிடுவதால் மேலே போய்த்தான் பார்க்க முடியும்.

அளக்கும் விதம் என்னைப் போன்ற ஐடி ஆட்களுக்கு உடனே புரியும். சர்வர் லாக் பார்ப்பது மாதிரிதான். 16,384 பிக்சல்கள், வரும் ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் ஒரு டைம்ஸ்டாம்ப். எண்ணிக்கை திடீரென்று எகிறினால் நான்கு பகுதிகளிலும் சேர்ந்து எகிறியதா என்று பார்ப்பார்கள். ஒன்றில் மட்டும் என்றால் பெரும்பாலும் இரைச்சல். ஒரு பிக்சலில் மோதிய ஃபோட்டான் பக்கத்துப் பிக்சலுக்குத் தெறிக்கும் திசைகளை எண்ணினால் அந்த ஒளியின் முனைவாக்கமும் தெரியவரும். உலகில் வெகு சில கருவிகளே செய்யும் வேலை அது.

ஒன்றும் தெரியாமல் இருப்பதும் ஓர் அளவுதான். 2017 ஆகஸ்ட் 17 அன்று நியூட்ரான் நட்சத்திர மோதலை அமெரிக்காவின் ஃபெர்மி பார்த்தது, ஆஸ்ட்ரோசாட் பார்க்கவில்லை. பூமி குறுக்கே நின்றது. அப்படியானால் வெடிப்பு பூமிக்குப் பின்னால் மறைந்த வானப் பகுதியில் என்று இடத்தைச் சுருக்க முடிந்தது.

ஐந்து ஆண்டு ஆயுள் என்று அனுப்பிய ஆஸ்ட்ரோசாட், 2022-க்குள் 500 வெடிப்புகளைப் பார்த்துவிட்டது. அடுத்ததாக ஐஐடி பம்பாய் தலைமையில், பூமிக்கு இரு பக்கமும் ஒவ்வொன்றாக இரண்டு செயற்கைக்கோள் கொண்ட 'தக்ஷா' திட்டத்தை முன்வைத்திருக்கிறார்கள். பூமி மறைக்கும் சிக்கலே இருக்காது. இதற்குக் காசு ஒதுக்கச் சொல்லி நம்மில் எத்தனை பேர் ஒரு வரி எழுதியிருப்போம்? சந்திரயானுக்குக் கை தட்டினோம், சரி. கொடி நடாத அறிவியலுக்கும் ஆதரவு வேண்டாமா? இங்குள்ள தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாக்களிலும் இதைப் பேச வைக்கலாம். நாசாவின் ஸ்விஃப்ட் தொலைநோக்கியில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் பங்கு உண்டு என்பதையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு இரண்டு ஊரும் ஒட்டும்.

மகனுக்கு வரைபடம் போட்டுக் காட்டினேன். ஆஸ்ட்ரோசாட் நிலநடுக்கோட்டிலிருந்து 6 டிகிரிக்கு மேல் வடக்கே வராது. திருநள்ளாறு கிட்டத்தட்ட 11 டிகிரி. நிற்பது இருக்கட்டும், அந்தப் பக்கமே போவதில்லை. விநாடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிற பொருள் நின்றால் விழுந்துவிடும் என்று அவனே சொன்னான்.

அதையே குரூப்பில் எழுதினேன். "அது வேற சேட்டிலைட்டா இருக்கும்பா" என்றார் பெரியப்பா.