சஹனை ஒளித்து வைப்பானேன்?

நம் வீட்டு விருந்துகளில் பாய் போய் மேசை வந்தது. மேசையோடு ஆளுக்கொரு தட்டு வந்தது. இப்பொழுது அந்தத் தட்டையும் கையில் ஏந்தி வரிசையில் நின்று, வேண்டியதை அள்ளிக்கொண்டு, மூலைக்கொருவராக நின்றவாறே உண்ணும் ‘பஃபே’ முறையும் வந்து சேர்ந்திருக்கிறது. மாற்றம் வருவதற்காக நாம் வருந்தவில்லை. பயன் கருதி வரும் மாற்றத்தை இஸ்லாம் தடுப்பதுமில்லை. ஆனால், “உங்கள் வீட்டில் இன்னும் சஹன் சாப்பாடுதானா?” என்று யாரேனும் கேட்டுவிட்டால், குற்றத்தில் அகப்பட்டவரைப் போல நம்மவர் தலைகவிழ்ந்து நிற்கிறாரே, அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது?

சஹன் அரபுச் சொல். உணவுத் தட்டைக் குறிக்கும் அச்சொல்லே பள்ளிவாசலின் திறந்த முற்றத்தையும் குறிக்கும். தொழ வந்தவர் யாராயினும் கூடும் இடத்திற்கும், பசித்து வந்தவர் யாராயினும் கைவைக்கும் தட்டுக்கும் ஒரே பெயர் அமைந்திருப்பதை எண்ணி மகிழாதிருக்க முடியவில்லை. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருவருக்கோ மூவருக்கோ ஒரு சஹன். கடல் கடந்து இலங்கைக்குச் சென்றால் ஐந்தாறு பேர் சுற்றியமர்ந்து உண்ணும் பெரிய சஹன். நெய்ச்சோற்றின் மணமும் கறியின் பக்குவமும் ஊருக்கு ஊர் மாறலாம். அருகில் அமர்ந்தவரோடு பகிர்ந்துண்ணும் நியதி மட்டும் மாறுவதில்லை.

“இது மார்க்கமா, வெறும் வழக்கமா?” என்று கேட்கும் இளைஞருக்கு நேர்மையாகவே விடையளிப்போம். கூடி உண்டாலும் தனித்து உண்டாலும் குற்றமில்லை என்பதே திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம், 61ஆம் வசனம் தரும் தெளிவு. ஆகவே, தனித்தட்டில் உண்பவரைத் தூற்றுவோர் மார்க்கத்தில் இல்லாத ஒன்றைச் சேர்க்கிறார்கள். ஆயினும் குற்றமில்லை என்பது வேறு, இரண்டும் ஒன்றே என்பது வேறு. இருவர் உணவு மூவருக்குப் போதும் என்றும், கூடியுண்பதில் பரக்கத் உண்டு என்றும் வழிகாட்டியவர்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அவர்கள் மேசையிட்டு உண்டதில்லை, விரிப்பின் மீதே உண்டார்கள் என்னும் அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பை இமாம் புகாரி பதிவு செய்திருக்கிறார்கள். அந்த விரிப்பைத்தான் நம் பாட்டிமார் ‘சுப்றா’ என்றார்கள். (சுப்றாவின் கீழே கிடந்த கோரைப் பாயைப் பத்தமடையில் நெய்கிறவர்களும் நம் சகோதரிகளே. பாயைச் சுருட்டி மூலையில் வைத்தபோது யார் பிழைப்பையும் சேர்த்துச் சுருட்டினோம் என்பது தனியே எழுத வேண்டிய கதை.)

அடுத்து, சுகாதாரம் என்பார்கள். 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் சஹனை நிறுத்தியது அறிவுடைமை. நோயுற்றவருக்குத் தனித்தட்டு வைப்பது இன்றும் அறிவுடைமையே. அந்த நாள் கடந்த பின்னும் அதே காரணத்தைச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் வியப்பு. நன்கு கழுவிய மூன்று கைகள் ஒரு தட்டில் படுவதை அருவருக்கும் அன்பர், முன்னூறு பேர் கைமாறிய ஒரே கரண்டியை எடுத்துப் பரிமாறிக்கொள்ளும்போது சிறிதும் தயங்குவதில்லை. கெண்டியும் படிக்கமும் கொண்டு அமர்ந்த இடத்திலேயே விருந்தினரின் கைகழுவ நீர் வார்த்த சமுதாயத்திற்கா சுகாதாரம் தெரியாது?

உண்மையில் நாம் இழப்பது ஒரு பாத்திரத்தை அன்று. பெருமானார் (ஸல்) அவர்களின் அரவணைப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) சிறுவராயிருந்தபோது, அவர் கை தட்டு முழுவதும் அலைந்தது. அல்லாஹ்வின் பெயர் கூறி, வலக்கையால், உனக்கு அருகிலிருப்பதை உண் என்று அவர்கள் கற்பித்தார்கள். அருகிலிருப்பதை உண் என்னும் பாடத்தைத் தனித்தட்டுக்காரப் பிள்ளைக்கு எப்படிக் கற்பிப்பது? தட்டு முழுவதும் அவனுக்கே அருகில் இருக்கிறதே! நல்ல கறித்துண்டை எதிரில் இருப்பவர் பக்கம் தள்ளி வைத்தல், மெல்ல உண்ணும் முதியவருக்காகத் தன் வேகத்தைக் குறைத்தல், மற்றவர் பசியாறுமுன் எழுந்துவிடாதிருத்தல் ஆகிய இவை எந்தப் பள்ளிக்கூடப் பாடநூலிலும் கற்றுத்தர முடியாதவை. ஒரு சஹனில் ஒரு வேளையில் இவை தாமே வந்துவிடும்.

இனி, சஹனைப் போற்றுவோரிடமும் சில சொல்ல வேண்டியிருக்கிறது. செல்வரைச் செல்வரோடு அமர்த்தி, ஏழை உறவினரைப் பந்தலின் கோடியில் அமர்த்திவிட்டு, சஹன் சமத்துவத்தின் சின்னம் என்று மேடையில் முழங்குவது யாரை ஏமாற்ற? ஆண்களின் பந்தி முடிந்த பிறகு ஆறிப்போன மிச்சத்தைப் பெண்கள் பகுதிக்கு அனுப்பும் இடங்களில் எந்தப் பாரம்பரியம் காப்பாற்றப்படுகிறது? இருவர் சஹனில் நால்வருக்கான சோற்றைக் குவித்துப் பாதியைக் குப்பையில் கொட்டுவது விருந்தோம்பலாகுமா? 2022ஆம் ஆண்டில் உலகில் 105 கோடி டன் உணவு வீணானதாகவும், அதில் ஏறத்தாழ 60 விழுக்காடு வீடுகளில் வீணானதாகவும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு 2024இல் கணக்கிட்டது. அக்கணக்கில் நம் வீட்டுப் பங்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் பெருமை பேசும் நா சற்றே அடங்கும்.

இவற்றினும் பெரிய குறை, சஹனை விருந்துப் பொருளாக்கி வீட்டிலிருந்து விரட்டியது. வாப்பா வளைகுடாவில், மகன் கைப்பேசியோடு அறையில், மகள் தொலைக்காட்சிக்கு முன்னால், உம்மா அடுக்களையில் நின்றபடி. நால்வருக்கும் நான்கு வேளை, நான்கு தட்டு. இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு பாய், ஒரு சஹன், கால் மணி நேரம் என்பதற்கு எந்த வருமானமும் தடையில்லை. பயணத்திலிருக்கும் வாப்பாவும், விடுமுறையில் வரும் நாட்களிலேனும் பிள்ளைகளின் கைகளோடு தம் கையைச் சேர்த்து உண்ணலாம்.

வேடிக்கை என்னவென்றால், சென்னையிலும் பிற நகரங்களிலும் ‘மந்தி’ உணவகங்கள் பெருகியிருக்கின்றன. பிள்ளைகள் நண்பர்களோடு போய், காலணியைக் கழற்றி, தரையில் சம்மணமிட்டு, ஒரே பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்து, நான்கு பேர் கை ஒன்றாய்ப் பட உண்டு, படமும் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டி மகிழ்கிறார்கள். அதற்குப் பல நூறு ரூபாய் கொடுக்கவும் தயங்குவதில்லை. அதே பிள்ளையின் முன்னால் உம்மா சஹனை வைத்தால் முகம் சுளிக்கிறான். அவன் சுளிப்பது சஹனைக் கண்டா, உம்மாவைக் கண்டா என்பதை வீட்டார்தாம் அவனிடம் கேட்டறிய வேண்டும்.